சொல்லிக்கொண்டு கிளம்பிய மாநாடு

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நாலாவது என் தங்கச்சி மகள். அவளைப் பெற்ற கையோடு தங்கச்சி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒலக்கூர் பக்கம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பிடுங்கிய கூலியில்தான் அவளையும் என் சின்ன மகளையும் படிக்க வைத்தேன். இரண்டு பேரும் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். அதற்காக யாரும் என்னைக் குறைத்துப் பேசிவிட முடியாது.

இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய கட்டுரையைப் பற்றிப் பேச வெளிநாட்டு மாநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். சின்ன மகளின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள நானும் கூடப் போவதாக இருந்தது. கிளம்புகிற சமயத்தில் தங்கச்சி மகளுக்கு நெஞ்சு அடைத்து, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இருதயத்தில் ஆபரேஷன் என்றார்கள். நான் கூட இருக்கிறேன் என்றால் அவள் விடவில்லை.

"இவ கைக்கொழந்தைய வச்சிக்கினு அங்க எப்படிப் பேசுவா? நீ போ பெரிம்மா. இங்க அண்ணன் இருக்குது. ஆபரேஷனுக்கு முன்னால நான் போன்லயே பேசிடுறேன்."

அங்கே பிற்பகலிலேயே இருட்டிவிட்டது. பெரிய கூடம். வரிசை வரிசையாக நாற்காலி, உட்கார்ந்திருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

"நீயும் வந்து உக்காரும்மா. ஆளே இல்லாம அவ யாரப் பாத்துப் பேசுவா?" என்றாள் மகள்.

"எனக்கு இன்னாடி புரியும்?"

"புரியறவங்க மட்டும் வந்தா இங்க ஒருத்தரும் வரமாட்டாங்க."

குழந்தையோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். எல்லோருக்கும் கறுப்பு கோட்டு. வந்தவர்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. எழுந்து போனவர்கள் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் அப்படி. பேசாமல் உட்கார்ந்து, பேசாமல் எழுந்து வர வேண்டும். 'போயிட்டு வர்றேன்' என்று அங்கே வாய்தவறிச் சொன்னால், இன்னொரு சாவுக்கு வருவேன் என்று ஆகிவிடும்.

சுவர் அகலத் திரையில் அவள் முகம் வந்தது. கட்டிலில் சாய்ந்தபடி இங்கிலீஷில் பேசினாள். நடுவில் நர்ஸ் வந்து தோளைத் தொட்டாள். அதோடு படம் நின்றுவிட்டது, வாய் பாதி திறந்தபடி.

"லைன் கட்டாயிடுச்சும்மா" என்று சொல்லிவிட்டு மீதியை மகளே பேசி முடித்தாள். கூட்டம் கலைந்தது. திரையில் அவள் மட்டும் நின்றாள், சட்டம் போட்டு மாட்டிய படம் மாதிரி.

இது சாவு வீடு இல்லை என்று யாராவது சொல்ல வேண்டுமே. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அந்த முகத்தைப் பார்த்து உரக்கவே சொன்னேன்: "போயிட்டு வர்றேன், கண்ணு."

ஸ்பீக்கர் கரகரத்தது. "வாக்கா" என்றது ஒரு குரல். குழந்தை திரையைப் பார்த்துச் சிரித்தது.

தங்கச்சி மகளுக்கு நான் பெரிம்மா. என்னை அக்கா என்று கூப்பிட்டவள் ஒருத்திதான்.

ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த மகளின் கை நின்றது.

"உனக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"ஜல்தி வாம்மா, பஸ் போயிடும்."



ரூமில் சோறு இறங்கவில்லை. பதில் சொன்னது செத்தவள் என்றால், நான் சொல்லிக்கொண்டு வந்தது எந்த வீட்டில்? போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மகன் கூப்பிட்டான்.

"ஆபரேஷன் முடிஞ்சிச்சும்மா. கண்ணு முழிச்சிட்டா. முழிச்சதும், 'அம்மா இங்கதான இருந்துச்சு, எங்க போச்சு'ன்னு கேக்கறா. ஒன்ன அவ அம்மான்னு கூப்புட்டதே இல்லியே?"

"மயக்க மருந்துடா" என்றேன்.

இப்போது அவள் திண்டிவனத்தில் பாடம் நடத்துகிறாள். நன்றாக இருக்கிறாள். அன்றைக்குக் கேட்ட குரலைப் பற்றி அவளிடம் நான் வாயே திறக்கவில்லை. அந்தப் பேச்சை நான் எடுத்தாலே மகள் எழுந்து போய்விடுகிறாள்.

கண்ணு, அன்றைக்கு என் இடுப்பில் இருந்தது நீதான். எதைப் பார்த்துச் சிரித்தாய் என்று உனக்குத் தெரியாது. எழுதினதை முதலிலிருந்து படித்துக் காட்டு, உங்கம்மா வருவதற்குள்.