புழுக்காரி நீச்சல் கற்றது

அவளுக்குப் ‘புழுக்காரி’ என்று பெயர் வைத்தது அத்தான். அக்காவின் கணவர், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர், வாயைத் திறந்தால் கேலிதான். மச்சினி ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும், “அங்க என்ன வேலைம்மா?” என்று கேட்டார். “புழு வளர்க்கிறேன் அத்தான்” என்று அவள் சொன்னதுதான் தாமதம், பெயர் ஒட்டிக்கொண்டது.

மண்ணில் வாழும் உருளைப்புழு அது. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி மாதிரி உடம்பு. வட்டத் தட்டில் அகார் என்ற பாசிக்கூழை ஊற்றி, மேலே கொஞ்சம் பாக்டீரியாவைத் தடவி விட்டால் அதைத் தின்றுகொண்டு தன் பாட்டுக்கு நெளிந்துகொண்டிருக்கும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, மெல்லிய கம்பியின் நுனியால் ஒவ்வொரு புழுவாக எடுத்துப் புதுத் தட்டில் விடுவாள். தட்டின் மூடியில் ஒரு மரபணுவின் பெயரை எழுதுவாள்.

கைனேஸ் என்ற வகைப் புரதம் ஒன்றைச் செய்யும் மரபணு அது. செல்லுக்குள் சக்தி தரும் குட்டி எஞ்சின்களில் எது கெட்டதோ, அதை அப்புறப்படுத்தச் சொல்லி அடையாளம் வைப்பது அந்தப் புரதத்தின் வேலை. அடையாளம் விழாவிட்டால் கெட்டதெல்லாம் சேர்ந்து செல் திணறும். மனிதருக்கும் அதே போன்ற மரபணு உண்டு. அது பழுதானால் சிலருக்கு இளவயதிலேயே பார்க்கின்சன் நோய் வரும். அதனால்தான் புழுவில் அதைக் கெடுத்து வைத்து, என்ன ஆகிறது என்று ஆய்வகத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் அத்தானின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. ஜன்னல் ஓரத்தில் நேர்க்கோடாக இறங்க வேண்டிய பிரஷ் கண்ணாடியில் ஏறியது. “தோள் பிடிச்சிருக்கு” என்று நாளைக் கடத்தினார். அக்கா விடவில்லை, தங்கையையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் இழுத்துப் போனாள். ரத்தப் பரிசோதனைகள் முடிந்து மறுபடி போனபோது, பழுதான மரபணுவின் பெயரை டாக்டரம்மா சொன்னார்.

புழுக்காரி சட்டென்று நிமிர்ந்தாள். அக்கா அவள் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

“உனக்குத் தெரியுமாடி?”

“தினமும் மூடியில எழுதுற பேருக்கா.”

அத்தான் மச்சினி பக்கம் திரும்பினார். “அப்ப இத்தனை நாளா நானும் உன் தட்டுலதான் இருக்கேனா?” என்றார். டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

மாத்திரை தந்தார். நடை போன்ற உடற்பயிற்சியும் அதே அளவு முக்கியம் என்றார். அத்தான் நடக்க மாட்டேன் என்றார். “தெருவுல இறங்கினா ஆளாளுக்கு நிறுத்தி, ‘கைக்கு என்ன’ன்னு கேப்பாங்க.”

அந்தச் சமயத்தில் ஆய்வகத்தின் பெரிய மேடம் புதுச் சோதனை ஒன்றைத் தொடங்கியிருந்தார். மரபணு கெட்ட புழுக்களைத் தண்ணீரில் விட்டுத் தினமும் நீந்த வைத்தால் உடம்பு தேறுமா என்று பார்ப்பது. சாப்பிடும்போது புழுக்காரி இதைச் சொல்லப்போக, அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“புழுவே நீந்துது, எனக்கென்ன கேடு? சின்ன வயசுல நல்லா நீந்தினவன் நான்.”

டாக்டரம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: இந்த நோயில் நன்றாக நீந்துகிறவரும் திடீரென்று மூழ்கிவிடலாம், தண்ணீருக்குள் பக்கத்தில் எப்போதும் ஒருவர் வேண்டும். அக்காவுக்கோ காலையில் பேக்கரி வேலை. மிச்சம் இருந்தது புழுக்காரி. அவளுக்குக் கணுக்கால் நனைந்தாலே பயம்.

முதல் நாள் நீச்சல் குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், “முகத்தைத் தண்ணில வைங்க” என்றார் பயிற்சியாளர் அம்மா. வைத்தாள். வைத்த வேகத்தில் அலறிக்கொண்டு எழுந்தாள்.

“ஏம்மா, தினமும் புழுவைத் தண்ணில தள்ளுறியே, அதுங்க இப்படியா கத்துச்சு?” என்று அத்தான் கேட்டார்.

“அதுங்களுக்குக் கேலி பண்ண அத்தான் கிடையாது!”

வீம்புக்காகவே கற்றாள். அவள் நீந்திப் பழகும்வரை பயிற்சியாளர் அம்மாவே அவர் பக்கத்தில் இருந்தார். பிறகு அந்தப் பொறுப்பு இவளுக்கு வந்தது. ஒரு காலை, நீந்திக்கொண்டிருந்த அத்தானின் உடம்பு விறைத்துக்கொண்டது. முகம் தண்ணீருக்குள் போனது. புழுக்காரி யோசிக்கவே இல்லை. சொல்லிக்கொடுத்தபடி அவரைப் புரட்டி, முதுகுக்குக் கீழே கைகொடுத்து மிதக்க வைத்தாள். பயிற்சியாளர் அம்மா வந்து சேர்வதற்குள் ஓரத்துக்கே இழுத்து வந்துவிட்டாள்.

அத்தான் இருமி முடித்துவிட்டு, “கம்பி நுனியால எடுத்த மாதிரி எடுத்துட்டியேம்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குளத்துத் தண்ணீர் கண்ணுக்குள் போய்விட்டது என்றார். அவளும் அதையே நம்புவதாகக் காட்டிக்கொண்டாள்.

சோதனையின் முடிவும் வந்தது. நீந்திய புழுக்கள் நீந்தாதவற்றைவிடக் கூடுதல் நாள் சுறுசுறுப்பாக இருந்தன. ஆனால் மரபணு கெடாத புழுக்களை எட்டவில்லை. “இதை வச்சு மனுஷங்களுக்கும் இப்படித்தான்னு சொல்லிட முடியாது,” என்றார் மேடம். “ஆனா அடுத்து எங்க தேடணும்னு தெரிஞ்சிருக்கு.” இப்போது அதே புழுக்களுக்கு விதவிதமான மருந்துப் பொருள்களைக் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

அத்தானின் நோய் போகவில்லை. ஏணி ஏறுவதை விட்டுவிட்டு, பெயிண்ட் கடையில் வாடிக்கையாளர்களுக்கு நிறம் தேர்ந்து கொடுக்கிறார். வாய் மட்டும் துளிகூடக் குறையவில்லை. டாக்டரைப் பார்க்கக் காத்திருந்த இடத்தில் பழக்கம் பிடித்த, அதே நோயுள்ள இரண்டு பேரையும் குளத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். பக்கத்தில் நீந்த அவரவர் வீட்டு ஆட்களும் வருகிறார்கள். அத்தனை பேரையும் கரையேற்றிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே வேலைக்கு ஓடுகிறாள் புழுக்காரி.