மேடையா, மேசையா

மேடு என்ற சொல்லிலிருந்து மேடை வந்தது என்று பள்ளியில் படித்தேன். படித்து என்ன பயன்? எங்கள் பனியன் கம்பெனி வாசலில் அப்படி ஒரு மேடும் கிடையாது. கவிழ்த்த அட்டைப்பெட்டி, நூல் மூட்டை, எதன்மேல் ஏறிப் பேசினாலும் எங்களுக்கு அது மேடைதான்.

செக்கிங்கில் என் பக்கத்தில் ஆறு வருடம் நின்று பனியன் பீஸ்களில் குறை பார்த்தவள், தெற்கத்திக்காரி. நெஞ்சு வலிக்கிறது, ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று இரண்டு முறை கேட்டாள். "இன்னிக்கு ஷிப்மெண்ட். முடிச்சுட்டுப் போங்க" என்றார் சூப்பர்வைசர். மூன்றாம் முறை அவள் கேட்கவில்லை. செக்கிங் மேசைமேலேயே சாய்ந்துவிட்டாள்.

மறுநாள் அறிவிப்புப் பலகையில் 'இல்லத்தில் காலமானார்' என்று ஒட்டியிருந்தார்கள். கம்பெனிக்கு வந்து அதைப் படித்த அவள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மா வீட்ல சாகல அத்தே. அத மட்டும் யாராச்சும் சொல்லுங்க."

சாயங்காலம் வாசலில் இரங்கல் கூட்டம். பேக்கிங்கில் வேலை செய்யும் பீகார்க்காரரிடம், "ஏனுங்க, ஒரு மேடை போடுங்க" என்றேன். பெட்டி ஒன்றைக் கவிழ்ப்பார் என்று நினைத்தேன். அவரோ இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு செக்கிங் மேசையையே தூக்கி வந்தார்.

"அட கெரகமே, மேடைன்னா மேசை இல்லீங்க" என்றாள் ஒருத்தி. இந்தியில் மேசைக்கு மேஜ் என்பார்களாம். நாலைந்து பேர் சிரித்தார்கள். அது யாருடைய மேசை என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன்.

"அவ ஊட்டுல சாகலீங்க. இந்த மேசைமேலதானுங்க உழுந்தா. ரெண்டு தடவ லீவு கேட்டாளுங்க, உடலீங்க."

மேனேஜர் முன்னால் வந்தார். "நீங்க சொன்னாப் போதுமாங்க? வேற யாரு பாத்தது?"

அத்தனை பெண்களும் பார்த்தவர்கள்தான். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர்களைத் திட்டியிருப்பேன். அதற்குள் பீகார்க்காரர் யாரும் கூப்பிடாமலே மேசைமேல் ஏறி என் பக்கத்தில் நின்றார். மேடை என்று நான் சொன்னதை அவர் உண்மையிலேயே தப்பாகத்தான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

"நான் பாத்தான்" என்றார். "இங்கேருந்து நான்தான் தூக்கினான். அப்பவே உயிர் இல்லே."

அந்தத் தமிழுக்கு யாரும் சிரிக்கவில்லை. அதுவரை அழாமல் இருந்த மகள் அப்போதுதான் அழுதாள்.