மெட்ராஸ் ஐ என்று நம்பிய கண்ணோடு புதுச்சேரிக்கு

எண்பதுகளின் நடுவில் ஓர் ஐப்பசி மாதம். சேதராப்பட்டில் ஒரு ஆலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவையாக வலது கண் சிவந்தது. மெட்ராஸ் ஐதான் என்று ஊரே சொல்லிவிட்டது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் அதே சொட்டு மருந்தை விட்டேன். ரெண்டு நாளில் சிவப்பு போய்விடும், அப்புறம் டாக்டர் எதுக்கு என்ற திமிர். இந்தத் தடவை பத்து நாளாகியும் கொஞ்சம் சிவப்பு நின்றது, பார்வை மங்கலும் போகவில்லை. பயந்துதான் கிளம்பினேன்.

காலை 5.10 பஸ், பதினைந்து கிலோமீட்டர், ஒண்ணேகால் ரூபாய். மெட்ராஸ் ஐ பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது எங்க பக்கத்து நம்பிக்கை. கண்டக்டர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே டிக்கெட் கொடுத்தார். முன்சீட்டுப் பெண் தன் குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்த என் மனைவி செல்வியே பத்து நாளாக என் முகத்தைப் பார்க்கவில்லை. செத்தவன் பஸ் ஏறிய மாதிரி இருந்தது எனக்கு.

ஆறு மணிக்குப் பெரிய மார்க்கெட் பக்கம் இறங்கினோம். கண் ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடை. தூறல், மழை மூட்டத்தில் இன்னும் சரியாக விடியவில்லை. ஒவ்வொரு தெருவிளக்கைச் சுற்றியும் ஒரு வளையம், உள்ளே நீலம், வெளியே சிவப்பு. நேர்த்தெரு அல்லவா, வளையங்கள் வரிசையாகக் கடல்வரை போயின.

"வெளக்கச் சுத்தி கலர் தெரியுதில்ல?"

"எனக்கு வெளக்குதான் தெரியுது," என்றாள் செல்வி. நான் நடையை எட்டிப் போட்டேன்.

டாக்டரம்மா படுக்க வைத்து, மரத்துப்போகச் சொட்டு விட்டு, திறந்த கண்மேலேயே ஒரு சின்ன இரும்புக் கருவியை நிறுத்தினார். அது நிற்பது தெரிகிறது, உணர்ச்சியே இல்லை. கண்ணுக்குள் அழுத்தம் நாற்பத்தெட்டு. இருபதைத் தாண்டக் கூடாதாம்.

"இது மெட்ராஸ் ஐ இல்லப்பா. கண்ணுக்குள்ள அழற்சி. திரும்பத் திரும்ப வரும், வர்றப்பல்லாம் அழுத்தமும் ஏறும். நீயா வாங்கி விட்ட சொட்டு அத இன்னும் ஏத்திருக்கும்."

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு நேரே பார்க்கச் சொன்னார். இடப்பக்கம் நின்ற செல்விக்குத் தோளுக்கு மேலே ஒன்றுமில்லை. கறுப்பாகக்கூட இல்லை, தலை இருக்க வேண்டிய இடத்தில் சுவர் தொடர்ந்தது. "என்னங்க, என்னாச்சு?" என்று அங்கிருந்து குரல் மட்டும் வந்தது.

அழுத்தம் குறைய ஒரு மாத்திரை, அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். கூடவே ஒரு சொட்டு. அழற்சிக்கு எண்ணி ஏழே நாள் இன்னொரு சொட்டு. ஒரு வாரத்தில் அழுத்தம் பதினெட்டுக்கு இறங்கியது. போன பார்வை போனதுதான்.

இப்படிக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். விட்ட மருந்தின் பாட்டிலைக் கையோடு கொண்டுபோங்கள். துணைக்கு ஆள் வேண்டும், கண்பாப்பா விரியச் சொட்டு விட்டால் வெயிலில் நடக்க முடியாது. ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள், ரெண்டும் திறந்திருந்தால் நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும்.

இன்றும் காலையில் எழுந்ததும் செல்வி என் இடப்பக்கம் வந்து நிற்பாள். நான் இடது கண்ணைப் பொத்துவேன்.

"நான் எவ்ளோ இருக்கேன்?"

"நேத்து இருந்த அளவுக்கு இருக்க."

அதற்கப்புறம்தான் அடுப்பைப் பற்றவைப்பாள்.