குடிலில் நின்ற வாள்காரன்

துணி வெட்டுவதற்கு முன்னால் ஜெசிந்தா கத்தரியைத் தலைக்கு மேலே தூக்குவாள். வலது கையை முழுக்க நீட்டி, கத்தரியின் முனை மின்விசிறிக்கு நேராக நிற்கும்படி தூக்குவாள். கண் பாதி மூடும். உதடு அசையும். அவ்வளவுதான், நாலு வினாடி. பிறகு கை இறங்கும், கத்தரி துணிக்குள் புகும், புகுந்தால் மறுமுனை வரை நிற்காது. திண்டிவனம் மேம்பாலத்தை ஒட்டிய சந்தில் இருபத்திரண்டு வருடமாக நடக்கும் இதை அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் மட்டும், "எம்மா, ஃபேன நிறுத்திட்டாவது தூக்கும்மா" என்பார்கள்.

எல்லோரும் அதை ஜெபம் என்று நினைத்தார்கள். சுவரில் மாதா படம், ஜெசிந்தாவின் கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி, பேச்சும் குறைவு. நினைக்காமல் என்ன செய்வார்கள்? ஜெபம் பண்ணி வெட்டுகிற ஜாக்கெட் என்று பெயர் பரவியது. அளவு பிசகாது, அக்குள் பிடிக்காது என்பதோடு நிற்காமல், அதைப் போட்டுக்கொண்டு போனால் போன காரியம் முடியும் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். வளைகாப்புக்கு, பெண் பார்க்க வரும் நாளுக்கு, பேங்க் இன்டர்வியூவுக்கு என்று கிளியனூரிலிருந்தும் ஒலக்கூரிலிருந்தும் துணி வந்தது. "இன்னா ஜெபம்மா அது?" என்று யாராவது கேட்டால் ஜெசிந்தா சிரிப்பாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அது ஜெபம் இல்லை. சினிமா வசனம்.

"இடியே இறங்கு! என் கைக்குள் உறங்கு!" இதைத்தான் நாற்பத்திரண்டு வயது ஜெசிந்தா தினம் பத்துப் பதினைந்து முறை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒலக்கூருக்குப் பக்கத்தில் அவர்கள் ஊர் மாதா கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே அங்கத்திய பிள்ளைகள் விளையாடித் தீர்த்த பொம்மைகள். கன்னியாஸ்திரி வீட்டுக்கு ஒன்று கொடுத்தார். ஜெசிந்தாவுக்கும் தம்பி தென்னரசுவுக்கும் சேர்த்துக் கிடைத்தது உள்ளங்கை நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஆள். நீலச் சட்டை, முதுகில் வெள்ளை மேலங்கி, தூக்கிய வலது கையில் வாள். கைக்குள் இருந்த ஸ்பிரிங் போய்விட்டிருந்ததால் கை கீழே இறங்காது. அடியில் இங்கிலீஷில் ஏதோ பெயர் இருந்தது. வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை.

அந்த வருடம், ஏசு பிறப்பைக் காட்ட வீட்டில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலின் சிறு சுரூபங்களில், வானதூதரான சம்மனசு உடைந்துபோயிருந்தது. அம்மா இருதயமேரி பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளையாக முதுகில் தொங்குவது இறக்கை மாதிரி இருந்தது. கையில் வாள். "மிக்கேல் சம்மனசுதான் இது, வேற யாரு?" என்று குடிலில், மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் நிறுத்தினாள். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தபோது பொம்மை மேலும் விழுந்தது. புதுச் சம்மனசு வாங்கும் வரை பதினோரு கிறிஸ்துமஸுக்கு அதுதான் அங்கே நின்றது.

மூன்று வருடம் கழித்துத் திண்டிவனத்தில் ஒரு தியேட்டரில் 'பனிக்கோட்டை மாவீரன்' என்று ஒரு டப்பிங் படம் வந்தது. போஸ்டரின் மூலையில் வாளைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுச் சம்மனசு நின்றது. அந்த வகைப் பொம்மைகளின் கதையை வைத்தே எடுத்த படம் என்று அப்போதுதான் தெரிந்தது. அம்மா இருவரையும் மேட்னிக்கு அழைத்துப் போனாள். படத்தில் அவன் பெயர் சில்வார். கதாநாயகன் தோர்க்கனின் உயிர்த் தோழன். பனிக்கரடி பாய வரும்போது குறுக்கே விழுந்து தோர்க்கனைக் காப்பாற்றி, வாளைத் தூக்கி அந்த வசனத்தைச் சொன்னான். தியேட்டரே விசில் அடித்தது. இருதயமேரி சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று கரண்டு போய்ப் படம் தாமதமாகத்தான் தொடங்கியிருந்தது. ஊருக்குக் கடைசி பஸ் ஐந்து பத்துக்கு. கோட்டைக் கதவு திறக்கிற இடத்தில் அம்மா இருவர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியாது. எட்டாம் வகுப்போடு பள்ளி நின்று, தையல் கற்றுக்கொள்ளப் போன முதல் நாள், கத்தரியைப் பிடித்தால் கை நடுங்கியது. என்ன செய்வதென்று தெரியாமல் தூக்கிப் பார்த்தாள். வசனத்தைச் சொன்னாள். நடுக்கம் நின்றது. அன்றைக்குப் பிடித்த பழக்கம்.

இந்த ஆடியில் கிளியனூர் அம்சா ஒரு பட்டுப் புடவையோடு வந்தாள். மகள் அருணாவுக்கு இரண்டு முறை நிச்சயம் ஆகி இரண்டும் நின்றுபோயின. இரண்டுக்கும் ஜாக்கெட் பாண்டிச்சேரியில் பெரிய கடையில் தைத்தது என்பதை அம்சா மறக்கவில்லை. இப்போது மூன்றாவதாகப் பனமலை மாப்பிள்ளை, ஆவணியில் கல்யாணம்.

"முகூர்த்தப் பொடவம்மா. ஜாக்கெட் துணி பொடவையோட வந்தது. கெட்டுப்போச்சுன்னா வேற பீசு கெடையாது" என்றாள் அம்சா. "திங்கக்கெழம நானே வர்றேன். எங்கண்ணு முன்னாடி ஜெபம் பண்ணி வெட்டு. நான் பாக்கணும்."

ஜெசிந்தா வழக்கம்போல் சிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் பேஜாரானது. தென்னரசு விழுப்புரம் ஜங்ஷன் பக்கம் பேட்டரி கடை வைத்திருக்கிறான். அம்மா அவனோடு இருக்கிறாள். புது டிவி வாங்கியிருந்தான். "அக்கா, ஜல்தி ரயிலேறி வா. நம்ம படம் நெட்ல மாட்டிக்கிச்சு. யாரோ பழைய கேசட்டுலேர்ந்து ஏத்தி வெச்சிருக்கான்" என்று போனில் கத்தினான்.

கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு மூவரும் உட்கார்ந்தார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஜெசிந்தாவுக்குத் திக்கென்றது. பத்து வயதில் அவள் பார்த்த பனி, இப்போது பார்த்தால் தெர்மாகோல். தோர்க்கன் சாய்ந்தால் கோட்டைச் சுவர் ஆடியது. கொம்பு வைத்த குதிரை ஓடும்போது கொம்பு காதுப் பக்கம் சரிந்தது. குதிரைமேல் இருந்தவன் பேசிக்கொண்டே அதை நிமிர்த்தினான். ஐந்து படைத்தலைவர்களுக்கும் ராஜாவின் அம்மாவுக்கும் ஒரே ஆள் குரல் கொடுத்திருந்தான்.

"இந்தத் தோர்க்கனுக்குக் குளிரவே குளிராதா? ஒரு துண்டாவது போத்திக்கினா இன்னா?" என்றாள் இருதயமேரி. அத்தனை பனியிலும் தோர்க்கன் வெறும் மார்போடுதான் திரிந்தான்.

"எண்ணெ பூசிக்கினு இருக்கான்மா, அதான் குளிரல" என்றான் தென்னரசு.

கரடி வந்தது. கரடியின் முதுகில் ஜிப் தெரிந்தது. ஆனாலும் சில்வார் குறுக்கே பாய்ந்து வாளைத் தூக்கியபோது மூவரும் சேர்ந்து வசனத்தைக் கத்தினார்கள். கோட்டைக் கதவு திறந்தது. "தோ, இங்கதான் பஸ்ஸுக்கு ஓடுனோம்" என்று அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே கிழட்டு ராஜா சிம்மாசனத்திலிருந்து எழுந்து சில்வாரைக் கட்டிப்பிடித்தார். சில்வார் கேமராவைப் பார்த்துச் சிரித்தான். வாளைத் தூக்கி, "இடியே இறங்கு! என் கைக்குள் உறங்கு!" என்று சொல்லி, ராஜாவின் முதுகில் குத்தினான். பிறகு எதிரிப்படைக்குக் கதவைத் திறந்துவிட்டான்.

அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"தென்னு, அத்த நிறுத்து" என்றாள் இருதயமேரி. "நிறுத்துடா! பதினோரு வருசம்டா! மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவுல நிக்க வெச்சேனே! கொழந்த ஏசு தூங்கும்போது தலமாட்டுல இவன் கத்தியோட நின்னுக்கினு இருந்திருக்கான்!"

"அம்மா, அது பொம்மமா."

"பொம்மைக்கும் இவனுக்கும் ஒரே மூஞ்சிதான? சாமியார் தீர்த்தம் வேற தெளிச்சாரு. அவருக்கும் தெரியல பாரு!" அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தென்னரசு சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. "அக்கா, அம்மாவ வுடு. நீ இத்தினி வருசமா துரோகிக்குல்ல கைய தூக்கிக்கினு இருந்திருக்க."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சாயங்கால ரயிலில் திண்டிவனம் வந்ததும் கடையைத் திறந்து லைனிங் துணி ஒன்றைப் பரப்பினாள். கையைத் தூக்காமல் வெட்டிப் பார்த்தாள். கோடு முதலில் நேராகப் போய், பிறகு அவள் சொன்ன பேச்சைக் கேட்காமல் வளைந்தது. அடுத்த துண்டும் அப்படியே. மூன்றாவதற்கு மாதாவைப் பார்த்து ஒரு நிஜமான 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொன்னாள். அது இன்னும் மோசமாக வந்தது. வெட்டும்போது ராஜாவின் முதுகுதான் ஞாபகத்தில் இருந்தது.

திங்கட்கிழமை அம்சா ஒரு பை அவித்த மல்லாட்டையோடு, அதாவது வேர்க்கடலையோடு, வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஜெசிந்தா பட்டைப் பரப்பி, அருணாவின் அளவு ஜாக்கெட்டை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். கத்தரியை எடுத்தாள். கை மேஜையை விட்டு எழும்பவில்லை. தூக்கினால் துரோகியின் வசனம், தூக்காவிட்டால் துணி கோணல். இருப்பது ஒரே துணி.

"இன்னாம்மா, ஜெபம் பண்ணலியா?" என்றாள் அம்சா.

ஜெசிந்தாவுக்குச் சிரிக்க வரவில்லை. கத்தரியைக் கீழே வைத்தாள்.

"அம்சாக்கா, அது ஜெபம் இல்லக்கா."

வாடிக்கையாளரிடம் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவள் அன்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அட்டைப்பெட்டி, குடில், கரடி, கடைசி பஸ், ராஜாவின் முதுகு என்று ஒன்றையும் விடவில்லை. "நான் யாரையும் ஏமாத்தணும்னு செய்யலக்கா. நீங்கள்லாம் ஜெபம்னு நெனச்சீங்க, நான் இல்லன்னு சொல்லல. துணிய எடுத்துக்கினு போய்டுங்க. வேற எடத்துல வெட்டிக்குங்க."

அம்சா வாயில் இருந்த மல்லாட்டையை மென்று விழுங்கினாள். எழுந்தாள். பட்டுத் துணியை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். இருபத்திரண்டு வருடத்துப் பெயர் அந்தப் பைக்குள் போகிறது என்று ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல் வரை போன அம்சா திரும்பினாள்.

"அந்தப் படம் உன் போன்ல வருமா?"

"வரும்க்கா."

"போடு. எம்பொண்ணு கல்யாண விசயம். ஆரு எவுருன்னு விசாரிக்காம வுடுவனா?"

தையல் மெஷின்மேல் நூல்கண்டுக்குச் சாய்வாகப் போனை நிறுத்தி இருவரும் முதலிலிருந்து பார்த்தார்கள். ஹூக் வைக்கத் துணி கொண்டுவந்த ஒரு பெண்ணை, "அப்பறமா வா, இங்க ஒரு ஆள விசாரிச்சிக்கினு இருக்கோம்" என்று அம்சாவே அனுப்பினாள். கரடியைப் பார்த்து, "ஜிப்பு வெச்சிருக்குது பாரு" என்றாள். ராஜாவைக் குத்தியபோது, "அடப்பாவி" என்று ஒரு மல்லாட்டை ஓட்டைப் போன்மேல் எறிந்தாள். அத்தோடு நிறுத்திவிடுவாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். அம்சா நிறுத்தவில்லை. ஆகவே விழுப்புரத்தில் பார்க்காத மிச்சத்தையும், முப்பது வருடத்துக்கு முன்னால் பஸ்ஸுக்காக விட்டதையும் ஜெசிந்தா அன்றுதான் பார்த்தாள்.

கடைசிச் சண்டை கோபுர உச்சியில் நடந்தது. தோர்க்கன் ஒரு உதை விட்டான். சில்வார் அலறிக்கொண்டு விழுந்தான். பாதி வழியில் அவனுடைய வெள்ளை மேலங்கி ஒரு இரும்புக் கொக்கியில் மாட்டிக்கொண்டது. கீழே பாம்புக் குழி; ரப்பர் பாம்புகள். சில்வார் தொங்கினான். தொங்கிக்கொண்டே அழுதான், மன்னிப்புக் கேட்டான், ஊரைப் பற்றியும் தாயைப் பற்றியும் நீளமாகப் பேசினான். அதற்குள் தோர்க்கன் படி இறங்கி வந்து அவனைத் தூக்கிவிட்டான். படம் முடிந்தது.

அம்சா மடியில் கிடந்த மல்லாட்டை ஓடுகளைத் தட்டிவிட்டாள்.

"ஏம்மா, எத்தினி நேரம் தொங்குனான்?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்க்கா."

"இந்தாம் பெரிய ஆம்பள. அஞ்சு நிமிசம் தொங்கிக்கினு ஆடுறான். தையல் பிரிஞ்சுதா?"

ஜெசிந்தா யோசித்தாள். தொழில்காரி என்ற முறையில் யோசித்தாள். "பிரியலக்கா. தோள்பட்டையில டபுள் தையல் போட்டிருக்கணும்."

"அதான் சொல்றேன். அந்த நல்லவன எடுத்துக்கோ, படம் முழுக்க மேல்துணியே இல்ல. அவன கும்புட்டு டெய்லருக்கு இன்னா ஆவப்போவுது? ஒழுங்கா தெச்சுப் போட்டவன் இவன் ஒருத்தன்தான். தையல்தான் அவன் உசுர காப்பாத்துச்சு. திருந்தியும் பூட்டான்." அம்சா பையைத் திறந்து பட்டை எடுத்து மேஜைமேல் உதறினாள். "எம்மாப்பிள்ள ராஜா இல்ல, பனமலையில உரக்கடை வெச்சிருக்காரு. முதுவுல குத்த யாரும் வரமாட்டாங்க. வெட்டு."

"தூக்கவாக்கா?"

"தூக்கு. வாய்க்குள்ள முணுமுணுக்காத. சத்தமா சொல்லு, எனக்கும் கேக்கட்டும்."

ஜெசிந்தா கத்தரியைத் தூக்கினாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "இடியே இறங்கு! என் கைக்குள் உறங்கு!" பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கை இறங்கியது. கத்தரி சாக்பீஸ் கோட்டின்மேல் ஏறி, மறுமுனை வரை நிற்காமல் போனது.

அருணாவுக்குக் கல்யாணம் ஆகி நாலு மாதம் ஆகிறது, பனமலையில் இருக்கிறாள். ஜாக்கெட் சரியாக இருந்தது, கொஞ்சம் சதை போட்டதால் போன வாரம் பக்கத் தையலைப் பிரித்துவிட்டாயிற்று. அம்சா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டதால் ஜெசிந்தா இப்போது வசனத்தைச் சத்தமாகவே சொல்லவேண்டியிருக்கிறது. வாடிக்கை குறையவில்லை. இருதயமேரி இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பொம்மையைப் பெட்டியிலிருந்து எடுத்துக் குடிலில் வைத்திருக்கிறாள். ஆடுகளுக்குப் பின்னால், வாசல் ஓரமாக.