மஞ்சள் பூசிய எலும்புகள்

வாகரையில் எங்கள் வளவில் மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது எலும்புகள் வந்தன. ஒரு தாடை, சில பற்கள், நீண்ட கால் எலும்பு ஒன்று. வெட்டியவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு விலகி நின்றார்கள். மச்சாள் மட்டும் குழிக்குள் இறங்கினாள். அவள் என் அண்ணனின் மனைவி. சண்டைக் காலத்தில் விறகுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. உயிரோடு இருக்கிறாரா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

பொலிஸ் வருமுன்பே அவள் எலும்புகளைக் கிணற்று நீரில் கழுவி, மஞ்சள் பூசி, வெள்ளைத் துணியில் கிடத்திவிட்டாள். யாரையும் தடுத்து எனக்குப் பழக்கமில்லை.

பொலிஸோடு வந்து எலும்புகளைப் பார்த்த டாக்டர் மிகப் பழையவை போலிருக்கிறது என்று ஒரு ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார். பிறகு அங்கிருந்து ஒரு அம்மா எங்கள் மண்ணும் கிணற்று நீரும் எடுக்க வந்தார். எலும்பைக் கழுவியது யார் என்று கேட்டார்.

"குளிப்பாட்டாம அனுப்புறதா?" என்றாள் மச்சாள்.

அந்த அம்மா கோபிக்கவில்லை. கழுவியதில் மேற்பகுதி கெட்டிருக்கலாம், பல்லின் உள்ளே பார்க்கலாம் என்றார். உயிருள்ள எலும்பில் யுரேனியம் மிகக் குறைவாம். புதைந்த பிறகுதான் நிலத்தடி நீரோடு உள்ளே போகுமாம். போனது மெல்ல மெல்லச் சிதைந்து தோரியம் என்ற வேறொரு பொருளாக மாறும். தோரியம் நீரில் கரைந்து வராது. அதனால் உள்ளே சேர்ந்திருக்கும் தோரியத்தை யுரேனியத்தோடு ஒப்பிட்டு அளந்தால், எவ்வளவு காலம் மண்ணுக்குள் கிடந்தது என்று சொல்லலாமாம்.

செத்த பிறகும் எலும்பு தண்ணீர் குடிக்கிறது என்றுதான் நான் விளங்கிக்கொண்டேன். அது குடித்த தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். அன்று முழுக்க எனக்குத் தாகமே எடுக்கவில்லை.

மாதங்கள் கழித்துப் போன் வந்தது. பல ஆயிரம் வருடப் பழசு. அது அண்ணன் இல்லை. மச்சாள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன். அவள் சந்தோஷப்படவில்லை.

"நான் அவருக்கெண்டு அழுதிட்டன் கா. அது ஆருக்குப் போயிரிக்கும்?"

அடுத்த வெள்ளி மத்தியானம், செத்தவர்களுக்குச் செய்வதுபோல், வாழையிலையில் சோறும் மீன்கறியும் படைத்தாள். படைத்த பிறகு கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று, செத்தவரைப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவோம். கூப்பிட அவளிடம் பேர் இல்லை. "குழிக்குள்ள கிடந்தவர் வந்து சாப்பிடுங்க" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "இவர் மட்டும் வந்திரப்படாது" என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணனைத்தான் சொன்னாள். வந்தால் அவர் செத்தவர்.

வெளியே காற்று இல்லை. உள்ளே இலை சரசரத்தது.

"ஆரெண்டு பாரு கா" என்றாள்.

நான் கதவைத் திறக்கவில்லை. அவளும் திறக்கவில்லை.