ஒரே மாடல், ஊரே ஏ/எல்

போன ஞாயித்துக்கெழமை காலையில நான் ஆம்பளையாயிட்டேன்.

சிரிக்காதீங்கலா! லுக்குட் பக்கம் எங்க எஸ்டேட் கோயில்ல, திருவிழாவுக்குப் பேர் பதிய புதுசா ஒரு வெப்சைட். செஞ்சது என் மருமக வசந்தி. பேக்டரி வேலைய விட்டுட்டு கம்ப்யூட்டர் படிச்சு, அவளுக்குக் கெடைச்ச மொத வேலை. கோயில் தலைவர் போன்ல தொறந்து காட்டுறாரு... 'அஞ்சலை ஏ/எல் முனியாண்டி'.

நம்ம மலேசியா ஐசியில, அதான் அடையாள அட்டையில, பாத்திருப்பீங்களே. ஏ/எல்னா மகன், ஏ/பின்னா மகள். எங்கப்பா இருந்திருந்தா குதிச்சிருப்பாரு — மூணு பொண்ணுக்கு அப்பறம் பொறந்த நாலாவது பொண்ணு நானு!

அர்ச்சனைக்குப் பேர் குடுத்தவங்க, பால்குடம் எடுக்கறவங்க, சமையலுக்கு வர்றவங்க... எங்க பாத்தாலும் பொம்பளைங்க பூரா ஏ/எல். தலைவர் சம்சாரத்தையும் விடல.

"சாயங்காலம் கூட்டத்துக்குள்ள சரியாகலைன்னா பழையபடி பேப்பர்தாம்மா"ன்னுட்டாரு.

வசந்தி மொகம் சுண்டிப்போச்சு. வீட்டுக்கு வந்து லேப்டாப்பத் தொறந்தா. எம் மவன் வேற, "அப்பவே சொன்னேன்ல, மூணு பதிவையும் தனித்தனியா எழுதுன்னு"ன்னான்.

"ஏன்டி, என்னதான் பண்ணித் தொலைச்ச?"ன்னேன்.

"அத்தை, பேரு, அப்பா பேரு, போன், ஆணா பொண்ணா — இதெல்லாம் மூணு மாடலுக்கும், அதான் மூணு பதிவோட அச்சுக்கும், வேணும். அதான் ஒரு பொது மாடல்ல ஒரு தடவ எழுதி, மூணும் அதுலேருந்து வாங்கிக்கற மாதிரி வச்சேன். பேரை எப்படிக் காட்டணும்னும் அங்கதான் எழுதுனேன். அவசரத்துல வெறும் ஏ/எல் போட்டுட்டேன்."

"அந்தப் பொதுவுல யாரு பேரு இருக்கு?"

"யாரு பேரும் இல்ல. அதுக்குன்னு பேர் சேத்து வைக்கற தனி டேபிளே கெடையாது. மத்ததுக்குக் குடுக்க மட்டுந்தான்."

வெளங்கிருச்சு. எங்க வீட்டு மூக்கு மாதிரி! எம் புள்ளைங்க எல்லாத்துக்கும் ஒரே மூக்கு. நேரா இருந்தா குடும்பத்துக்கே அழகு. கோணிச்சுன்னா... கல்யாண போட்டோ பூரா கோணல்.

"எத்தன எடத்துலடி திருத்தணும்?"

"ஒரே எடம் அத்தை." பொண்ணுன்னு பதிஞ்சிருந்தா ஏ/பி காட்டுன்னு எழுதுனா. அவ்ளோதான். எல்லாப் பக்கத்துலயும் பொம்பளைங்க பொம்பளைங்களாயிட்டோம்.

எம் மவன் பேச்சக் கேட்டுத் தனித்தனியா எழுதியிருந்தா? ஒண்ணத் திருத்த மறந்திருந்தா? தலைவர் சம்சாரம் சமையல்கட்டுல மட்டும் ஆம்பளையா நின்னுருப்பாங்க!

கூட்டத்துல தலைவர் போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாரு. குத்தம் ஒண்ணும் சிக்கல.

"கல்யாண மண்டப புக்கிங்கையும் இதுலயே போட்டுரும்மா."

"போட்டுர்லாம் அங்கிள். அதான் பொது மாடல் இருக்கே!" வசந்தி மொகத்துல இப்பதான் சிரிப்பு.

எல்லாருக்கும் வேண்டியத ஒரே எடத்துல வைங்க. வைக்கறப்ப மட்டும் ரெண்டு தரம் பாத்து வைங்க.

ஆனா ஒண்ணு... அரை நாள் ஆம்பளையா இருந்தேனே, ஒருத்தராச்சும் எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடுத்தாங்களா?