இன்டர்வியூவுக்குக் கொஞ்சம் பட்டினி

பை தோளில் தொங்க, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பர் தோட்டம். இப்போது பாதி செம்பனை, பாதி வீடமைப்புத் தாமான். அந்தத் தாமானில்தான் என் தங்கை செல்வியின் வீடு. யாரும் என்னைத் துரத்தவில்லை. ஆனாலும் வேகமாகத்தான் நடந்தேன்...

செல்வியின் மகள் காவியாவுக்கு அன்று காலை ஆன்லைனில் காலேஜ் இன்டர்வியூ. ஆங்கில இலக்கியம் படிக்க ஆசை. சீட் கிடைப்பதும் கிடைக்காததும் அந்த இன்டர்வியூவில்தான். பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஏன் தெரியுமா? பேப்பரில் எழுதுகிறவனாம்! பதினாலு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டு ஓடியவன் என்பது யாருக்கும் ஞாபகம் வரவில்லை — எனக்கும்தான்.

முந்தின நாள், அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன் இங்கிலீஷ்?"

"கொலைக் கதை படிப்பேன்ல மாமா... கொலைகாரன் யாருன்னு நடுவுலயே ஒரு வரியில சொல்லியிருப்பாங்க. நமக்குத் தெரியாது. முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா அங்கயே இருக்கும். எப்படி ஒளிச்சாங்க? அதைத் தெரிஞ்சிக்கணும்."

எவ்வளவு நல்ல பதில்! ஆனால் நான் என்ன சொன்னேன்?

"இதெல்லாம் சீட்டு வாங்கித் தராது லா. கஷ்டத்தச் சொல்லு. அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனாங்க, பட்டினி கிடந்தோம்னு..."

"அம்மா மரமே வெட்டுனதில்லயே மாமா. கையுறை ஃபேக்டரில சூப்பர்வைசர்."

"தாத்தா வெட்டுனாருல்ல? ஒரு தலைமுறை முன்னபின்ன... யாரு கேக்கப் போறா?"

நான் பட்ட கஷ்டம் நிஜம். அதை எழுதித்தான் இந்தப் பக்கத்தில் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன். கையில் நிறைய இருக்கிறதே, பிள்ளைக்குக் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று நினைத்துவிட்டேன்.

இன்டர்வியூவில் காவியா அப்படியே ஒப்பித்தாள். நான் லேப்டாப்புக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரையில் இருந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். 'அம்மாவைப் பற்றிச் சொன்னீர்கள், நீங்கள் என்ன வாசிப்பீர்கள்?' என்பது கேள்வியாம். எனக்கெங்கே புரிந்தது? காவியா விழித்தாள். நான் விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்து இழுத்துக் காட்டினேன்.

அழு!

நிமிர்ந்து பார்த்தால், அடுக்களை வாசலில் செல்வி. சத்தம் கேட்டுவிடுமென்று மிக்சியைக்கூடப் போடாமல் நின்றிருந்தாள். ஃபேக்டரியில் தினமும் ஆங்கிலத்தில் வேலை வாங்குகிறவள். ஒரு வார்த்தை விடாமல் புரிந்திருக்கும்.

காவியா லேப்டாப்பைத் திருப்பி வைத்து, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். பேசினாள். 'மர்டரர்' என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அந்த அம்மையார் சிரிப்பது கேட்டது. அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சீட் கிடைக்குமா? இதை எழுதும்வரை தெரியாது.

"அண்ணே, ஃபிரிட்ஜத் தெறந்து பாரு," என்றாள் செல்வி. "நேத்து நீ தின்ன கோழிக்கறி மிச்சம் இருக்கு. எம்புள்ள என்னைக்கு லா பட்டினி கெடந்தா?"

"சீட்டுக்காகத்தான் செல்வி..."

"உன் கஷ்டத்த நீ எழுதிக்க. என் அடுப்ப ஏன் அணைக்கிற?"

"மாமாவ விடும்மா. சொன்னது நான்தானே," என்றாள் காவியா.

அதுதான் சுட்டது. பையை எடுத்தேன்.

முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். எழுத்து மட்டும் சோறு போடாது; ஊர் ஊராகக் கிடைத்த வேலை பார்ப்பது என் வழக்கம். மறுநாள் காலை ஆயர் தாவார் டவுனில் ஒரு பாய் சாப்பாட்டுக் கடை. சமையல்கட்டுக்கு ஆள் தேவை என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னாண்ணே, இந்த வயசுல... ரொம்பக் கஷ்டமா?"

கதை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"இல்ல பாய். வேல தெரியும்."

வெங்காயம் உரிக்க உட்கார வைத்தார். நல்ல வேலை — கண்ணீர் வந்தாலும் யாரும் கதை கேட்பதில்லை.